இரு அவைகளும் பெண்களின் மசோதாக்களும்

போட்டித் தேர்வுக் கையேடு எதைப் பிரித்தாலும், நாடாளுமன்றம் பற்றிய பாடத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும். இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் மூன்று முறை நடந்திருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடை மசோதாவுக்காக, 1978இல் வங்கிப் பணி ஆணையத்தை நீக்கும் மசோதாவுக்காக, 2002இல் பொடா மசோதாவுக்காக. ஆண்டையும் மசோதாவையும் பொருத்துக என்று கேள்வி வரும். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பெண்களுக்குச் சில ஆண்டுகளாக அரசமைப்புப் பாடம் எடுக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த மூன்று ஆண்டுகளையும் சொல்லிவிடுவார்கள். 1961இல் இரு அவைகளும் எதைப் பற்றிச் சண்டை போட்டன என்று மட்டும் எந்தக் கையேடும் கேட்பதில்லை.

இரண்டு அவை கொண்ட நாடாளுமன்றத்தை நமக்கு ஓர் இயந்திரம் போலத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் மசோதாவைப் போட்டால் அந்தப் பக்கம் சட்டமாக வரும். நடுவில் சில பற்சக்கரங்கள். உறுப்பினர் எண்ணிக்கை, குறைந்தபட்ச வயது, பதவிக்காலம் என்று அட்டவணை போட்டுப் பாடம் முடிந்துவிடும். இந்த இயந்திரத்துக்குள் பெண்களைப் பற்றிய மசோதாக்கள் போனபோது என்ன ஆயிற்று என்று பார்த்தால், விதிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் இருக்கின்றன. தாழ்ப்பாள் யார் கையில் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

முதலில் கூட்டுக் கூட்டம். ஒரு மசோதாவை இரு அவைகளும் ஒரே வடிவத்தில் ஏற்க வேண்டும். ஓர் அவை நிறைவேற்றியதை மற்றது நிராகரித்தாலோ, திருத்தங்களில் கடைசிவரை ஒத்துப்போகாவிட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்தாலோ, குடியரசுத் தலைவர் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டலாம் என்கிறது அரசமைப்பின் 108ஆவது பிரிவு. தலைமை மக்களவைத் தலைவருக்கு. முடிவு சாதாரணப் பெரும்பான்மையில். மக்களவை உறுப்பினர்கள் எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், அரசுக்கு அங்கே பெரும்பான்மை இருந்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். மாநிலங்களவைக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு, கடைசி வார்த்தை கிடையாது.

குடியரசான பிறகு முதன்முறையாக அந்தப் பிரிவைப் பயன்படுத்தியது 1961 மே மாதத்தில். இதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புதான் இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்திருந்தன. விவாகரத்து, மகளுக்குச் சொத்து என்று நாட்டையே கொந்தளிக்க வைத்த விஷயங்கள். அவற்றுக்குக் கூட்டுக் கூட்டம் தேவைப்படவில்லை. கல்யாண வீட்டுக் கொடுக்கல் வாங்கலுக்குத் தேவைப்பட்டது.

எது வரதட்சணை, எது அன்பளிப்பு? சச்சரவின் மையத்தில் இருந்தது இந்த வரையறைதான். 1959இல் மக்களவையில் அறிமுகமான மசோதா, கூட்டுக்குழுவுக்குப் போய், இரு அவைகளுக்கும் இடையே திருத்தங்களோடு அலைந்து, கடைசியில் இரண்டு நாள் கூட்டுக் கூட்டத்தில் முடிவுக்கு வந்தது. வெளிவந்த சட்டத்தின் இரண்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுப்பது, கொடுக்க ஒப்புக்கொள்வது எல்லாம் வரதட்சணை என்று முதலில் அகலமாகக் கதவைத் திறக்கிறது. உடனே கீழே ஒரு விளக்கக் குறிப்பு வருகிறது. திருமணத்தின்போது ரொக்கமாகவோ நகையாகவோ துணியாகவோ வேறு பொருளாகவோ தரப்படும் அன்பளிப்புகள், திருமணத்துக்கு ஈடாகத் தரப்பட்டவையாக இருந்தால் ஒழிய, வரதட்சணை ஆகாது.

இந்தக் குறிப்பை ஒருமுறை வகுப்பில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “மேடம், இதைத்தானே எங்க மாமியார் சொன்னாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னது சரி. பெண் பார்க்க வரும் வீட்டார் சொல்லும் அந்த வாக்கியம் நமக்கெல்லாம் தெரியும். “நாங்க எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க.” இதில் கோரிக்கை இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஈடு என்ற சொல் இல்லை. ஆனால் எத்தனை பவுன், வண்டி உண்டா, பண்டம் பாத்திரம் யார் பொறுப்பு என்று இரு தரப்புக்கும் கணக்குத் தெரியும். முந்தின வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன போட்டார்கள் என்பதும் தெரியும். கேட்காமலே வாங்குவதுதான் இந்த வழக்கத்தின் நாகரிகம். சட்டம் அந்த நாகரிகத்தை அப்படியே எடுத்துத் தன் விளக்கக் குறிப்பாக எழுதிக்கொண்டது. ‘ஈடாக’ என்பதை நிரூபிக்கும் சுமை, நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் தலையில் விழுந்தது.

மற்ற பிரிவுகளும் இதே மென்மையோடுதான் இருந்தன. வாங்குபவருக்கு உள்ள தண்டனைதான் கொடுப்பவருக்கும்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்ணைப் பெற்றவர் புகார் கொடுத்தால் அவரும் குற்றவாளி. அப்படியிருக்க யார் புகார் கொடுப்பார்கள்? குற்றம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் வர வேண்டும். திருமணமான முதல் வருடத்தில் மாமியார் வீட்டின் மீது எந்தக் குடும்பம் வழக்குப் போடும்? போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வரதட்சணை கேட்டதற்காக வழக்கு நடத்த மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து, வாக்கெடுத்து, இப்படியொரு சட்டத்தைத் தந்தன.

அவையில் பெண்களே இல்லையா? இருந்தார்கள், சிலர். மகளிர் அமைப்புகள் வெளியே போராடியதும், 1950களில் உமா நேரு போன்றவர்கள் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்ததும்தான் அரசை இந்த மசோதா வரைக்கும் தள்ளின. ஆனால் தள்ளியவர்கள் வேறு, வரையறையின் ஒவ்வொரு சொல்லுக்கும் கை தூக்கியவர்கள் வேறு. கை தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். பெண்ணைப் பெற்ற அப்பாக்களும் அங்கே இருந்தார்கள்தான். ஆனால் தன் மகளுக்குச் செய்வது அன்பு, அதைச் சட்டம் தொடக்கூடாது என்று நினைக்கும் அப்பாக்கள். இரு அவைகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அந்த வேறுபாட்டுக்கும் கீழே இருந்த ஒற்றுமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1970களின் இறுதியில் டெல்லித் தெருக்களில், எரிந்துபோன மகள்களின் படங்களோடு பெண்கள் இறங்கிய பிறகுதான் மறுபடி அந்தச் சட்டத்தைப் பிரித்தார்கள். இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக்குழு ஒன்று ஆராய்ந்தது. 1983இல் 498ஏ பிரிவு வந்தது. 1984 திருத்தத்தில் அந்த விளக்கக் குறிப்பு நீக்கப்பட்டது. ‘திருமணத்துக்கு ஈடாக’ என்பது ‘திருமணம் தொடர்பாக’ என்று மாறியது. 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமானது. ‘ஈடாக’ என்ற ஒரு சொல்லை மாற்ற இருபத்துமூன்று ஆண்டுகள். இடையில் போன உயிர்களுக்குக் கணக்கு எழுத அப்போது தனித் தலைப்புகூட இல்லை. அடுப்பு வெடித்தது என்றுதான் எழுதினார்கள்.

இரண்டாவது அவை எதற்கு என்று அரசமைப்பு நிர்ணய சபையில் கேட்டபோது, கோபாலசாமி அய்யங்கார் தந்த விளக்கத்தின் சாரம் இது: அந்தந்த நேரத்து உணர்ச்சி வேகத்தில் வரும் சட்டங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க, நிதானமாகப் பேச ஓர் இடம். நியாயமான யோசனைதான். பெரும்பான்மை பலத்தில் ஓர் அரசு அவசரமாகச் சட்டம் போடும்போது, தாமதம் ஜனநாயகத்துக்குக் காவலாகலாம். என் கேள்வி வேறு. எந்த வேகம் ‘உணர்ச்சி’ என்று நிறுத்தப்பட்டது, எந்த வேகம் ‘தேசத் தேவை’ என்று விடப்பட்டது? 2002இல் பொடா மசோதாவை மாநிலங்களவை நிராகரித்தது. அரசு உடனே கூட்டுக் கூட்டம் போட்டு ஒரே நாளில் அதை நிறைவேற்றியது. அங்கே தாழ்ப்பாளைத் திறக்கச் சாவி கையிலேயே இருந்தது. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதையில் இரு அவை விதிகள் எப்படி வேலை செய்தன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செய்தித்தாள்களில் கிழிந்த காகிதங்களின் படம்தான் வந்தது, விதிகள் வரவில்லை.

1996 செப்டம்பரில் தேவகவுடா அரசு மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்துவிட்டது. மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை, மக்களவை கலைந்தது, மசோதா காலாவதியானது. 1998இல் சட்ட அமைச்சராக இருந்த தம்பிதுரை அடுத்த மசோதாவை அறிமுகம் செய்ய எழுந்தபோது, எதிர்த்த உறுப்பினர் ஒருவர் பிரதியைப் பறித்துக் கிழித்தார். அந்த மக்களவையும் பாதியில் கலைந்தது. 1999இல் மறுபடி அறிமுகம். 2004இல் மறுபடி காலாவதி. மக்களவை கலையும்போது அதில் நிலுவையில் உள்ள மசோதாக்கள் எல்லாம் அதோடு போய்விடும். இது 107ஆவது பிரிவு.

அதே 107ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மாநிலங்களவை கலைவதே இல்லை; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான். ஆகவே அங்கே அறிமுகமாகி, இன்னும் மக்களவைக்குப் போகாத மசோதா சாகாது. இதைப் புரிந்துகொண்டுதான் 2008 மே மாதத்தில் மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். சட்ட அமைச்சர் பரத்வாஜின் கையிலிருந்து யாரும் பறித்துவிடக் கூடாது என்று பெண் உறுப்பினர்கள் அவரைச் சுற்றி அரணாக நின்றார்கள். ஜெயந்தி நடராஜன் தலைமையில் நிலைக்குழு அதைப் பரிந்துரைத்தது. 2009இல் மக்களவை கலைந்தபோது முதல் தடவையாக அந்த மசோதா பிழைத்தது. 2010 மார்ச் 9 அன்று, ஏழு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்து, அவைக் காவலர்களை வைத்து வெளியேற்றிய பிறகு, 186 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு விவசாயிகள் தலைவர் சரத் ஜோஷியுடையது. அன்று எத்தனையோ பெண்கள் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

விதியின் அடுத்த வரியை யாரும் அன்று உரக்கப் படிக்கவில்லை. மாநிலங்களவை நிறைவேற்றி, மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் காலாவதியாகும். அதாவது, மாநிலங்களவைக்குள் முடிவாகாமல் கிடந்தவரைதான் அதற்குச் சாவில்லை. வெற்றி பெற்று வாசல் தாண்டியதும் சாகக்கூடியதாகிவிட்டது. நான்கு ஆண்டுகள் மக்களவை அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. எதிர்த்து வாக்களிக்கவும் இல்லை. எதிர்த்தால் பெயர் பதிவாகும். பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 2014இல் அவை கலைந்தது, மசோதா போயிற்று. யாரும் கொல்லாமல் செத்தது.

அப்போது கூட்டுக் கூட்டம் போட்டிருக்கலாமே என்று மாணவிகள் கேட்பார்கள். முடியாது. அது அரசமைப்புத் திருத்த மசோதா. 368ஆவது பிரிவுப்படி இரு அவைகளும் தனித்தனியே, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு நிறைவேற்ற வேண்டும். அரசமைப்பைச் சாதாரணப் பெரும்பான்மையில் கை வைக்கக் கூடாது என்ற அந்தப் பாதுகாப்பை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். ‘வரதட்சணை’யை நீர்த்துப்போக வைத்த சமரசத்துக்குக் கூட்டுக் கூட்டம் உதவியது, பெண்களை அவைக்குள் கொண்டுவரும் மசோதாவுக்கு அந்த வழி இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒதுக்கீடு வேண்டாம் என்று முதலில் சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள். அரசமைப்பு நிர்ணய சபையில் ஹன்சா மேத்தாவும் ரேணுகா ராயும் சலுகை கேட்கவில்லை, சமத்துவம் கேட்கிறோம் என்ற நிலையில் நின்றார்கள். 1974இல் பெண்களின் நிலை பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவும் சட்டமன்ற ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்கவில்லை. வீணா மஜும்தாரும் லோதிகா சர்க்காரும் மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். அந்த மறுப்பில் ஒரு பெருமிதம் இருந்தது, அதைக் கேலி செய்ய மாட்டேன். படித்த, உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்குக் கதவு எப்படியும் திறக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. பின்னாளில் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, நம்மில் பலர் அதை மசோதாவைத் தடுக்கும் தந்திரம் என்று மட்டுமே பார்த்தோம். தந்திரமாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். கேள்வி அதனால் பொய்யாகிவிடாது.

2023 செப்டம்பரில் எல்லாம் மூன்று நாளில் முடிந்தது. 19ஆம் தேதி அறிமுகம். 20ஆம் தேதி மக்களவையில் 454 பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. 21ஆம் தேதி மாநிலங்களவையில் 214 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. இருபத்தேழு ஆண்டுப் பிடிவாதம் மூன்று நாளில் கரைந்தால் சந்தேகம் வர வேண்டும். சட்டத்தின் 334ஏ பிரிவில் விடை இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகுதான் ஒதுக்கீடு. எழுபது வயதுத் தாத்தா நகையைப் பேத்தி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது மாதிரி. 2024 தேர்தல் ஒதுக்கீடு இல்லாமலே நடந்தது. 543 இடங்களில் 74 பெண்கள் வென்றார்கள். அதற்கு முந்தைய தேர்தலில் 78.

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு இடைவெளி உண்டு. ஒதுக்கீடு மக்களவைக்கு, மாநிலச் சட்டமன்றங்களுக்கு, டெல்லி சட்டமன்றத்துக்கு. மாநிலங்களவைக்கு இல்லை. 214 பேர் எதிர்ப்பின்றிக் கை தூக்கினார்களே, அவர்களில் ஒருவருடைய நாற்காலியையும் இந்தச் சட்டம் தொடவில்லை. அந்த அவையில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் ஒதுக்கீடு கிடையாது. ஒதுக்கீடு என்ற சொல்லே நுழையாத அவை அது.

காரணம் தொழில்நுட்பம் என்பார்கள். மாநிலங்களவைக்குத் தொகுதிகள் கிடையாது. சட்டமன்ற உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சில இடங்கள் மட்டும் காலியாகின்றன. எந்த இடத்தை ஒதுக்குவது? கேள்வி சரி. ஆனால் அந்தத் தேர்தல் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். ஒரு தடவைக்கு ஆறு காலியாகும். 234 சட்டமன்ற உறுப்பினர்களை ஏழால் வகுத்தால் கணக்கு 34இல் வந்து நிற்கும். முப்பத்துநான்கு பேர் முதல் வாக்கு போட்டால் ஒருவர் எம்.பி. 2003 திருத்தத்துக்குப் பிறகு ரகசிய வாக்கும் இல்லை. வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். விலை போவதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். உச்ச நீதிமன்றமும் 2006இல் ஏற்றது. எப்படிப் பார்த்தாலும், கட்சித் தலைமை யாரை நினைக்கிறதோ அவர் டெல்லி போவார்.

மக்களவைக்குப் பெண்களை நிறுத்தச் சொன்னால் கட்சிகள் சொல்லும் பதில் நமக்கு மனப்பாடம்: வெற்றிவாய்ப்பு. தொகுதியில் செல்வாக்கு வேண்டும், செலவு செய்ய வேண்டும், ராத்திரி பகலாக அலைய வேண்டும், மக்கள் ஏற்க மாட்டார்கள். மாநிலங்களவைத் தேர்தலில் இதில் ஒன்றும் பொருந்தாது. பிரசாரம் இல்லை, அலைச்சல் இல்லை, மக்கள் வாக்கே இல்லை. கட்சி நினைத்தால் தன் பங்குக்கு வரும் எல்லா இடத்திலும் பெண்களை அனுப்பலாம். எந்தச் சட்டத்துக்கும் கணக்கெடுப்புக்கும் காத்திருக்க வேண்டாம். அப்படி இருந்தும் அந்த அவையில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. வாக்காளரின் பிற்போக்கைக் காரணம் காட்ட முடியாத இடம் இது. கட்சிகளின் மனசைத் தெரிந்துகொள்ள மாநிலங்களவையை விடத் தெளிவான ஆவணம் வேறில்லை என்பேன்.

அந்த அவைக்குள் போன பெண்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 1966இல் இந்திரா காந்தி பிரதமரானபோது மாநிலங்களவை உறுப்பினர். ஜெயலலிதா 1984இல் அங்கிருந்துதான் டெல்லியைப் பார்த்தார். வயலட் ஆல்வா துணைத் தலைவராக இருந்தார், நஜ்மா ஹெப்துல்லா நெடுங்காலம் அதே பதவியில் இருந்தார். தலைவர் நாற்காலி குடியரசுத் துணைத் தலைவருக்கு உரியது. அதில் ஒரு பெண்ணும் இதுவரை உட்காரவில்லை. இலக்கியம், அறிவியல், கலை, சமூகசேவைக்கு என்று பன்னிரண்டு நியமன இடங்கள் உண்டு. 1952இல் ருக்மிணி தேவி அருண்டேல் அப்படித்தான் போனார். விலங்குவதைத் தடைக்காக அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்ததும், அது 1960 சட்டத்துக்கு வழிவிட்டதும் மதிக்க வேண்டிய வேலை. அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த குலத்தில் பிறந்த பாலசரஸ்வதிக்கு அந்த நாற்காலி வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதிகாரத்திலும் இந்த அவை ஒரு விசித்திரமான இடம். நிதி மசோதா என்று மக்களவைத் தலைவர் சான்றளித்துவிட்டால், மாநிலங்களவை பதினான்கு நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாம். மக்களவை அதை ஏற்கலாம், குப்பையில் போடலாம். வீட்டுச் செலவைப் பற்றி மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து தான் நினைத்ததை எடுத்துத் தரும் கணவனை நமக்குத் தெரியும். 2016இல் ஆதார் மசோதாவை இந்த வழியில்தான் கொண்டுவந்தார்கள். மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றைக்கே நிராகரித்தது. பாத்திரம் தேய்த்து, களை பறித்துத் தேய்ந்த விரல் ரேகையை ரேஷன் கடை இயந்திரம் ஏற்காமல் திரும்பி வந்த பெண்களிடம், இது எந்த வகை மசோதா என்ற கேள்வி வெறும் நடைமுறைச் சிக்கல் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆகவே இரண்டாவது அவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாநிலங்களுக்கு ஒரு குரல் வேண்டும், ஒற்றைப் பெரும்பான்மைக்கு ஒரு தடை வேண்டும். அதன் வாசல் மாற வேண்டும். ஒரு மாநிலத்தில் ஆறு இடம் காலியானால், ஒன்றுக்கு மேற்பட்டவரை நிறுத்தும் எந்தக் கட்சியும் அதில் பாதியாவது பெண்களை நிறுத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் எழுதுவதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அந்தப் பாதிக்குள் எந்தப் பெண்கள் என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். தொகுதி மறுவரையறைக்கு இதில் வேலையே இல்லை.

2025இல் தமிழ்நாட்டில் ஆறு இடங்கள் காலியாயின. திமுக அணிக்கு நான்கு, அதிமுகவுக்கு இரண்டு. கவிஞர் சல்மா போனார். பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராகத் தொடங்கியவர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்பதால் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது. 2006இல் மருங்காபுரியில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றவர். அவர் அந்த அவைக்குப் போனதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. மற்ற ஐந்து இடங்களுக்கும் ஆண்களை நிறுத்தினார்கள். வேட்பாளர்கள் ஆறு, இடங்கள் ஆறு என்பதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.